‘ஓகே’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி

#1 மெய்ப்புநோக்கி

அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். எனக்குச் செய்தி அனுப்பினால் ஆங்கிலத்தில்தான் அனுப்புவாள். முந்தாநாள் இரவு, வார இறுதியில் வருவதாக எழுதியிருந்தாள். நான் ‘ஓகே’ என்று எழுதி, கைப்பழக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளியும் வைத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. “சித்தப்பா, நான் வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லையா?”

விசாரித்ததில் தெரிந்தது இதுதான்: ஒற்றைச்சொல் பதிலுக்குப் பின்னால் புள்ளி வைத்தால், முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதாகப் பொருளாம். அவள் தோழிகள் அத்தனை பேரும் அப்படித்தான் படிக்கிறார்களாம். நான் 18 ஆண்டுகளாக ஆங்கில நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்து வயிறு வளர்ப்பவன். விட்டுப்போன புள்ளிக்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். வைத்த புள்ளிக்காக மன்னிப்புக் கேட்டது இதுவே முதல் முறை.

தூக்கம் போய்விட்டது. அந்த குறுஞ்செய்திகளை மேலே தள்ளித் தள்ளி ஒரு மாதத்துக்குப் பின்னோக்கிப் படித்தேன். ஒரு வாக்கியமும் பெரிய எழுத்தில் தொடங்கவில்லை. ‘ஷுட் ஹேவ்’ வரவேண்டிய இடத்தில் ‘ஷுட் ஆஃப்’. ‘ஃபியூவர் பீப்பிள்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘லெஸ் பீப்பிள்’. ‘ஷீ அண்ட் ஐ’ என்று தொடங்கவேண்டிய வாக்கியம் ‘மீ அண்ட் ஹர்’ என்று தொடங்குகிறது. ஏதோ நகைச்சுவைத் துணுக்கைப் பார்த்துவிட்டு ‘ஐ ஆம் லிட்டரலி டெட்’ என்கிறாள். எழுத்துக்கு எழுத்து உண்மையாகவே செத்துவிட்டாள் என்றால் இதை எழுதியது யார்? அவளுக்கு ஆங்கிலம் வராது என்றும் சொல்லிவிட முடியாது. போன மாதம் ஒரு கல்லூரிக் கட்டுரையைப் பார்க்கச் சொல்லி அனுப்பினாள். அதில் இரண்டே பிழைகள்.

மொழி மாறும் என்பது எனக்கும் தெரியும். அதை மந்திரம்போலச் சொல்லி என் வாயை அடைக்க வேண்டாம். மாறுவது வேறு, கெடுவது வேறு என்று ஒரு கோடு உண்டா? உண்டென்றால் அதைப் போடுகிறவர் யார்?

#2 கரும்பலகை

31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புதிதில்லை. தேர்வுத்தாளில் ‘யூ’ என்ற சொல்லை ஒற்றை எழுத்தாக எழுதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டு அதிர்ந்தேன், மறு ஆண்டு மதிப்பெண் குறைத்தேன், அதற்கடுத்த ஆண்டிலிருந்து எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஒரு பையன் மட்டும் மனதில் நிற்கிறான். வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதி, சரிபார்த்துத் தரும்படி கேட்டு வந்தான். கடிதம் ‘ஹே’ என்று தொடங்கியது. “இப்படித் தொடங்கலாமா?” என்று கேட்டேன். “வேறு எப்படித் தொடங்குவது, டீச்சர்?” என்று திருப்பிக் கேட்டான். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான். அவனுக்கு ‘ஹே’ தெரிந்ததில் எனக்கு வருத்தமில்லை. கையில் எடுக்க இன்னொன்று இல்லாமல் நின்றானே, அதுதான் வலித்தது. உங்கள் அண்ணன் மகளிடம் இரண்டும் இருக்கின்றன. அவளைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

#3 உப்புமூட்டை

ஒரு புள்ளிக்கே கோபம் என்றால், மூன்று புள்ளி வைப்பவர்களை என்ன செய்வது? என் மேலாளர் எல்லாச் செய்தியையும் மூன்று புள்ளியில்தான் முடிக்கிறார். ‘நாளை பேசுவோம்...’ என்று எழுதுவார். இரவெல்லாம் எனக்கு வேலை போய்க்கொண்டே இருக்கும்...

#4 வேர்ச்சொல்

மொழியியல் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புள்ளி. உங்கள் அண்ணன் மகள் கற்பனை செய்யவில்லை. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வைத்து இதைச் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். கைப்பேசிச் செய்தியில் ஒற்றைச்சொல் பதில் புள்ளியோடு வந்தால், அது மனமொப்பிச் சொன்ன பதிலாகத் தோன்றவில்லை. அதே பதிலைக் கையால் எழுதிய துண்டுச் சீட்டில் காட்டியபோது அந்த வேறுபாடு இல்லை. காரணம் எளியது. அரட்டையில் வாக்கியம் முடிந்தது என்று அறிவிக்கப் புள்ளி தேவையில்லை, அனுப்பும் பொத்தானே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. வேலையிழந்த புள்ளி சும்மா இருக்குமா? குரலைக் காட்டும் வேலைக்குப் போய்விட்டது.

இரண்டாவது, ‘லிட்டரலி’. மிகைப்படுத்திச் சொல்லும் இந்தப் பொருளுக்கு 1769-ஆம் ஆண்டு நாவல் ஒன்றிலேயே சான்று இருக்கிறது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 1909-லேயே அதைப் பதிவு செய்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2011-இல் சேர்த்தபோது ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 2013-இல் யாரோ பார்த்துவிட்டுக் கூச்சல் போட, நாளிதழ்கள் எல்லாம் ஆங்கிலத்துக்கு இரங்கல் எழுதின.

மூன்றாவது, இந்தப் புகாரின் வயது. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-இல் இதே ஒப்பாரியை வைத்தார். இளைஞர்கள் சொற்களை வெட்டிக் குட்டையாக்குகிறார்கள் என்பது அவர் குறை. ‘மொபிலே வுல்குஸ்’ என்ற லத்தீன் தொடரை வெட்டி, கும்பலைக் குறிக்கும் ‘மாப்’ ஆக்கிவிட்டார்களாம். அந்தச் சொல்லைத் தடுக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டும் முடியவில்லை என்று நொந்துகொண்டார். 1712-இல் ஆங்கிலத்தைத் திருத்தி நிலைநிறுத்த ஒரு கழகம் வேண்டும் என்று திட்டமே எழுதினார். கழகம் வரவில்லை, ‘மாப்’ வந்துவிட்டது. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் ‘ஃபன்’ என்ற சொல்லுக்கு நேரே இது தரம் தாழ்ந்த சொல் என்று குறிப்பு இருக்கிறது. இன்றைக்கு அதைக் குழந்தைகள் புத்தகத் தலைப்பிலேயே வைக்கிறார்கள்.

போகிற போக்கில் ஒன்று. ‘ஓஎம்ஜி’ என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் மிகப் பழைய சான்று 1917-இல் எழுதப்பட்ட ஒரு கடிதம். எழுதியவர் 76 வயதான கடற்படைத் தளபதி ஜான் ஃபிஷர். பெற்றுக்கொண்டவர் வின்ஸ்டன் சர்ச்சில்.

#5 சட்டவரைவு

தளபதி கதை அருமை. ஆனால் வேர்ச்சொல்லின் தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறது. ஸ்விஃப்ட் தோற்றார், ஆகவே இனி எந்தப் புகாரும் வெல்லாது என்கிறீர்களா? அவர் திட்டிய சொற்கள் வேறும் உண்டு. ‘பாசிட்டிவ்’ என்பதை வெட்டி ‘பாஸ்’ என்றார்கள், அதையும் திட்டினார். அந்தச் சொல் இன்று எங்கே? தோற்ற புகார்களை மட்டும் எண்ணிக் காட்டுவது எளிது. பிறந்த வேகத்தில் செத்துப்போன சொற்கள் எத்தனை என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

நான் ஒப்பந்தங்கள் எழுதுகிறவன். எனக்குப் புள்ளி, கமா எல்லாம் குரல் இல்லை, பணம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பால் லாரி ஓட்டுநர்கள் கூடுதல் நேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்குக் கூடுதல் ஊதியம் கிடையாது என்று சட்டம் ஒரு பட்டியல் தந்திருந்தது. அந்தப் பட்டியலின் கடைசி ‘ஆர்’ என்ற சொல்லுக்கு முன்னால் கமா இல்லை. அதனால் ‘அனுப்புவதற்காகக் கட்டுதல் அல்லது வினியோகித்தல்’ என்பது ஒரு வேலையா, இரண்டு வேலைகளா என்று தெரியவில்லை. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

சிரித்துவிட்டு ‘லிட்டரலி டெட்’ என்று எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. தவறாகப் படித்தால் யாரோ ஒருவர் விலை கொடுக்க வேண்டிவரும் என்றால், அங்கே ஒரு மயிரிழையும் நகரக் கூடாது. என் கோடு அங்கே இருக்கிறது.

#6 நாற்பதில்_கற்றவன்

எல்லோரும் இதை ஆங்கிலத்தின் பிரச்சினையாகப் பேசுகிறீர்கள். எனக்கு இது என் பிரச்சினை.

எனக்கு ஆங்கிலம் 40 வயதுக்கு மேல்தான் வந்தது. இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒரு விதிக்கு ஒரு வாரம் என்று, பல்லைக் கடித்துக் கற்றுக்கொண்டேன். ‘ஹூ’ எங்கே, ‘ஹூம்’ எங்கே என்று பிரித்தறிய எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு ஒருநாள் காணொளிக் கூட்டத்தில், ‘டு ஹூம்’ என்று சரியாகக் கேட்டேன். எதிர்முனையில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இளைஞர் ஒருவர் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணமில்லை. “நீங்கள் பழைய நாவலில் வருகிறவர்போலப் பேசுகிறீர்கள்” என்றார்.

சரி, காலத்தோடு ஒட்டிப்போவோம் என்று முடிவு செய்தேன். அவர் தம் மின்னஞ்சல்களில் ‘கோயிங் டு’ என்று எழுதுவதில்லை, ‘கானா’ என்றுதான் எழுதுவார். அடுத்த மாதம் வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சலில் நானும் ‘கானா’ என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் என் மேலதிகாரி தனியாகக் கூப்பிட்டு, “கொஞ்சம் முறையாக எழுதப் பழகுங்கள்” என்றார். அந்த மின்னஞ்சல் சங்கிலியிலேயே, எனக்கு இரண்டு செய்திக்கு மேலே, அந்த இளைஞரின் ‘கானா’ இருந்தது. மேலதிகாரியின் கண்ணுக்கு அது படவில்லை.

அவர் எழுதினால் நெருக்கம், நான் எழுதினால் அறியாமை. விதியைக் காப்பாற்றினால் கிழவன், மீறினால் படிக்காதவன். மெய்ப்புநோக்கி ஐயா, கோட்டைப் போடுகிறவர் யார் என்று கேட்டீர்கள். யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆளைப் பார்த்துத்தான் போடுகிறார்.

#7 மெய்ப்புநோக்கி

நாற்பதில்_கற்றவன், உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். என் வேலையில் நானும் இதைச் செய்திருக்கிறேன் என்று இப்போது உறைக்கிறது. பெயர்பெற்ற எழுத்தாளர் வாக்கியத்தை ‘அண்ட்’ என்று தொடங்கினால் அது நடை என்று விட்டுவிடுவேன். புதியவர் தொடங்கினால் பேனா தானாகச் சுழிக்கும். பக்கத்தின் மேல் யார் பெயர் இருக்கிறது என்று கண் முதலில் பார்த்துவிடுகிறது.

#8 வசனவரி

நான் ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் வசனவரி எழுதுகிறேன். கொச்சைமொழிதான் எனக்குச் சோறு போடுகிறது, அதுவே கழுத்தையும் அறுக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், சறுக்குப் பலகையில் ஒருவன் அந்தரத்தில் சுழன்று இறங்குகிறான், நண்பன் ‘தட்ஸ் சிக்’ என்று கத்துகிறான். ‘பிரமாதம்’ என்ற பொருளில் அவன் சொன்னதை “அது ஒரு நோய்” என்று எழுதிவிட்டேன். அது வெளியாகியும் விட்டது. நல்லவேளை, யாரும் என் பெயரைத் தேடவில்லை.

அதைவிடப் பெரிய பாடம் வேறொரு படத்தில் கிடைத்தது. கறுப்பின அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் கதை. தம்பியைப் பற்றி அக்கா ‘ஹீ பி வொர்க்கிங்’ என்கிறாள். ‘ஈஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘பி’ போட்டுவிட்டாள், பிழையான ஆங்கிலம், நாம் திருத்தி எழுதுவோம் என்று, “அவன் வேலை செய்துகொண்டிருக்கிறான்” என்று எழுதினேன். சரிபார்த்தவர் திரையைப் பார்க்கச் சொன்னார். அந்தத் தம்பி சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அந்த ‘பி’ வழக்கமாக நடப்பதைச் சொல்வதற்கென்றே அவர்கள் மொழியில் இருக்கும் இலக்கணம். இப்போது வேலையில் இருக்கிறான் என்றால் ‘ஹீ வொர்க்கிங்’ என்பார்கள். “அவன் வேலைக்குப் போகிறவன்” என்று மாற்றினேன். நான் பிழை என்று நினைத்ததில், பள்ளி ஆங்கிலம் ஒரே சொல்லில் காட்டாத ஒரு நுட்பம் இருந்தது.

‘ஆஸ்க்’ என்பதை ‘ஆக்ஸ்’ என்று உச்சரிப்பவர்களை எத்தனை பேர் கேலி செய்கிறார்கள். பழைய ஆங்கிலத்திலேயே இரண்டு வடிவங்களும் இருந்தன. 1535-இல் அச்சான ஆங்கில விவிலியத்தில் ‘கேளுங்கள், கொடுக்கப்படும்’ என்ற வசனம் ‘ஆக்ஸ்’ என்றுதான் தொடங்குகிறது. நாம் ‘தசை’ என்பதைச் ‘சதை’ ஆக்கிவிட்டு அதற்கு இலக்கணப்போலி என்று மரியாதையாகப் பெயர் வைத்தோம். அங்கே அதே எழுத்து இடமாற்றம், யார் வாயில் வருகிறது என்பதைப் பொறுத்து, படிப்பறிவில்லாமைக்கு அடையாளமாகிவிட்டது.

இது வெறும் கேலியோடு நிற்பதும் இல்லை. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில், பிள்ளைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுக்காமல் வாசிப்புக் கற்பிப்பது சரியில்லை என்று 1979-இல் நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது. 2013-இல் தெற்கு லண்டன் பள்ளி ஒன்று ‘இன்னிட்’, ‘பேர்’, ‘எயின்ட்’ போன்ற ஆங்கிலப் பேச்சுவழக்குச் சொற்களைத் தடை செய்து, அவற்றைச் சுவரில் எழுதி மாட்டியது. இனிமேல் அவற்றை எப்படி எழுதுவது என்ற குழப்பம் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்காது.

#9 உப்புமூட்டை

“அது ஒரு நோய்” என்ற வரியைச் சட்டம் போட்டு மாட்டலாம். இந்த இழைக்கே பொருந்துகிறது...

#10 கரும்பலகை

வசனவரி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பொதுவான ஒரு வடிவம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு வகுப்பில் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. கதை என்னுடையதில்லை. இங்கிலாந்தின் முதல் அச்சகர் வில்லியம் காக்ஸ்டன் 1490 வாக்கில் தாம் அச்சிட்ட நூலொன்றின் முன்னுரையில் எழுதியது.

சில வணிகர்கள் தேம்ஸ் ஆற்றில் கப்பலேறி, காற்று இல்லாமல் கரையோரம் நின்றுவிட்டார்கள். ஒருவர் கரைக்குப் போய் ஒரு வீட்டுப் பெண்மணியிடம் ‘எக்ஸ்’ கேட்டார். “எனக்குப் பிரெஞ்சு தெரியாது” என்றார் அந்த அம்மாள். வணிகருக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கும் பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலத்தில்தானே கேட்டார்! பிறகு இன்னொருவர் வந்து ‘ஐரன்’ வேண்டும் என்றார். “அப்படிச் சொல்லுங்கள், இப்போது புரிகிறது” என்றார் அந்த அம்மாள். இரண்டும் முட்டைதான். இரண்டும் ஆங்கிலம்தான். நான் எந்தச் சொல்லை அச்சிடுவது என்று காக்ஸ்டன் புலம்புகிறார்.

ஒரே மொழி பேசும் இருவர் இப்படி முழித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் பொதுவடிவம்.

#11 வேர்ச்சொல்

டீச்சர், கதையின் மறுபாதியையும் வகுப்பில் சொல்வீர்களா? வென்றது எந்தச் சொல்? ‘எக்’ என்பது வடக்கில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்தது. ‘ஐரன்’ தான் பழைய ஆங்கிலத்தின் வழி வந்த உள்ளூர்ச் சொல். அந்த அம்மாளுக்கு வெளிநாட்டு மொழியாகக் கேட்ட சொல்தான் இன்றைக்குச் சரியான ஆங்கிலம். பொதுவடிவம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதில் எந்தச் சொல் உட்காரும் என்பதை அறிவு தீர்மானிப்பதில்லை என்றுதான் சொல்கிறேன்.

#12 கரும்பலகை

சொல்வதில்லை. இனிமேல் சொல்லியிருப்பேன், ஓய்வு பெற்றுவிட்டேன்.

#13 சட்டவரைவு

அகராதி சேர்த்துவிட்டது, ஆகவே சரி என்று முடிப்பது எனக்கு உவப்பில்லை. 1961-இல் வெப்ஸ்டரின் மூன்றாம் பதிப்பு ‘எயின்ட்’ என்ற சொல்லைப் பெரிதாகக் கண்டிக்காமல் விட்டதற்கு அமெரிக்கப் பத்திரிகைகள் பொங்கின. அந்தக் கோபத்திலிருந்து பிறந்ததுதான் 1969-இல் வந்த அமெரிக்கன் ஹெரிட்டேஜ் அகராதி. எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்கள் கொண்ட குழு ஒன்றை வைத்து, எந்த வழக்கு ஏற்கத்தக்கது என்று வாக்கெடுத்தார்கள். குறைந்தபட்சம் அவர்கள் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். இப்போது இருக்கும் அகராதிகள், “மக்கள் சொல்கிறார்கள், நாங்கள் எழுதுகிறோம்” என்று கையை விரித்துவிடுகின்றன.

‘தே’ என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். ஒருவரைக் குறிக்க ‘தே’ என்கிறார்கள். பன்மைச் சொல்லை ஒருமைக்குப் போட்டால், ஒப்பந்தத்தில் ஒருவர் கையெழுத்திட வேண்டுமா, பலர் இட வேண்டுமா என்று எப்படித் தெரியும்?

#14 நெறியாளர்

தமிழ்த் தூய்மை பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒன்றில் வசவு இருந்தது. மற்றொன்று வசவுக்குப் பதில். இழை ஆங்கிலத்தைப் பற்றியது, அங்கேயே நிற்கட்டும்.

#15 வேர்ச்சொல்

நெறியாளர் மன்னிக்க வேண்டும், கடைசியில் ஒரே ஒரு தமிழ் நூற்பாவுக்கு மட்டும் அனுமதி கேட்கிறேன்.

சட்டவரைவு அண்ணா, ஒருவரைக் குறிக்கும் ‘தே’ 14-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. சட்டமொழியைச் சுருக்குவதற்காக, ‘ஹீ’ என்றால் பெண்ணையும் குறிக்கும் என்று 1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. ‘அவன்’ என்றால் அவளும்தான் என்பதில் உங்களுக்குக் குழப்பம் வரவில்லை, ‘தே’ மட்டும் குழப்புகிறதா?

‘யூ’ கூட முன்னொரு காலத்தில் பன்மைதான். ஒருவருக்கு ‘தௌ’, பலருக்கு ‘யூ’. பிறகு மரியாதைக்காக ஒருவரையும் ‘யூ’ என்றார்கள். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஒருவனைப் பார்த்துப் பன்மையில் பேசுவது இலக்கணப் பிழை மட்டுமில்லை, பொய்யும்கூட என்பது அவர்கள் கட்சி. அவர்களுடைய தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660-இல் இதற்காகவே ஒருமை, பன்மை பற்றி ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். பெரிய மனிதர்களை ‘தௌ’ என்று அழைத்து அடி வாங்கியவர்களும் உண்டு. இலக்கணம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. இன்றைக்கு நீங்கள் எழுதும் ஒப்பந்தத்தில் எத்தனை ‘யூ’ இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது அந்த நூற்பா. ‘ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும்’ என்று தொடங்குகிறது தொல்காப்பியம். ஒருவரையே பன்மையில் சொல்வது வழக்கில் இருக்கும் உயர்வுச் சொல், ஆனால் ‘இலக்கண மருங்கிற் சொல்லாறு அல்ல’ என்று முடிக்கிறது. அதாவது, இலக்கணப்படி இது நெறியில்லை, மக்கள் அப்படிச் சொல்கிறார்கள், நான் பதிவு செய்கிறேன். நாம் இந்த இழை முழுவதும் ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்றும் ‘அவர்’ என்றும் எழுதிக்கொண்டிருக்கிறோம். எல்லாம் அந்தப் பிழைதான். ‘அவர்’ என்றதும் எத்தனை பேர் என்று யாராவது கேட்டீர்களா?

#16 சட்டவரைவு

நூற்பாவுக்கு வணக்கம். ஒப்பந்தத்தில் நான் ‘தே’ போடப் போவதில்லை. ‘கையெழுத்திடுபவர்’ என்று பெயர்ச்சொல்லையே திரும்பத் திரும்ப எழுதுவேன். அசிங்கமாக இருக்கும், ஆனால் வழக்கு வராது.

#17 நாற்பதில்_கற்றவன்

நூற்பா பேச்சு வந்ததால் நானும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். ‘வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே’ என்றும் அதே நூலில்தானே இருக்கிறது? உயர்ந்தோர் எப்படிப் பேசுகிறார்களோ அதுவே வழக்கு. அந்த இளைஞரின் ‘கானா’ வழக்கானதும் என்னுடையது வழுவானதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டன. உயர்ந்தோர் என்றால் ஒழுக்கத்தால் உயர்ந்தோரா, கல்வியால் உயர்ந்தோரா, பிறந்த இடத்தால் உயர்ந்தோரா? ஆங்கிலத்தில் இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

#18 வசனவரி

ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். கொச்சைச் சொற்கள் உயர்ந்தோர் கைக்கு வந்ததும் செத்துவிடுகின்றன. குழூஉக்குறி என்று பள்ளியில் படித்தோமே, பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்று. பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளருக்குப் புரியக் கூடாது, அதுதான் அதன் பயன். வாடிக்கையாளரும் ‘பறி’ என்று சொல்லத் தொடங்கினால் பொற்கொல்லர் வேறு சொல் தேடுவார்.

ஆளைக் கவரும் திறனைக் குறிக்கும் ‘ரிஸ்’ என்ற சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு 2023-ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. அதே வாரம் ஒரு விளம்பரப் பட வேலையில் அந்தச் சொல்லை நானும் மாட்டி வைத்தேன். எனக்கு உதவியாக இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். “இதை இப்போது அப்பாக்கள் சொல்கிறார்கள்” என்றாள். சுத்தமான ஆங்கிலத்தைக் காக்க நினைப்பவர்கள் ஒரு வேலை செய்யலாம். பிடிக்காத சொல்லைக் குடும்பமாகச் சேர்ந்து உற்சாகமாகப் பயன்படுத்துங்கள். பிள்ளைகள் தாமாகக் கைவிட்டுவிடுவார்கள்.

#19 உப்புமூட்டை

முயன்றேன். மகனிடம் ‘ப்ரோ’ என்றேன். இரண்டு நாளாக அவன் என்னோடு முழு வாக்கியத்தில், புள்ளி வைத்துப் பேசுகிறான்...

#20 மெய்ப்புநோக்கி

முதல் பதிவில் நான் போட்ட பட்டியலை இன்று மறுபடி பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டியது என் தவறு.

‘ஷுட் ஆஃப்’ எழுத்துப் பிழை, அவ்வளவுதான். வேகமாகப் பேசும்போது வாயில் இரண்டும் ஒரே ஒலி, காதால் கேட்டதைக் கையால் எழுதிவிடுகிறார்கள். அதைத் திருத்துவேன், அதில் யாரும் என்னிடம் வாதாட வேண்டாம். ‘லெஸ் பீப்பிள்’ விஷயத்தில் எனக்கு அவமானம். எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூவர்’தான் வரவேண்டும் என்று நான் இத்தனை ஆண்டு சிவப்பு மையில் சுழித்த அந்த விதி 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் எழுதிய நூலிலிருந்து கிளம்பியதாம். அவரும் விதியாகச் சொல்லவில்லை. ‘ஃபியூவர்’ என்றால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தமக்குத் தோன்றியதைச் சொன்னார். ஒரு மனிதரின் ருசிக்காக எத்தனை ஆசிரியர்களோடு சண்டை போட்டிருக்கிறேன்! ‘லிட்டரலி’ எனக்குப் பிடிக்கவில்லை, செத்தாலும் எழுத மாட்டேன். ஆனால் அது என் ருசி என்று இனிமேல் சொல்வேன்.

அகராதி ஆசிரியர் ஃபௌலர் தம் 1926-ஆம் ஆண்டு ஆங்கில வழக்குக் கையேட்டில் ‘டு’ என்பதற்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே இன்னொரு சொல்லை நுழைப்பதைப் பற்றி எழுதும்போது ஆங்கிலம் பேசுவோரை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். அது என்னவென்று தெரியாதவர்கள், கவலையும் படாதவர்கள் ஒரு வகை. என்னவென்று தெரியாது, ஆனால் மிகவும் கவலைப்படுவார்கள், அது இரண்டாம் வகை. தெரிந்து கண்டிப்பவர்கள், தெரிந்து ஏற்பவர்கள், தெரிந்து இடமறிந்து பிரித்துப் பார்ப்பவர்கள் மீதி மூன்று. முதல் வகையினரே பெரும்பான்மை, அவர்கள் மகிழ்ச்சியானவர்கள் என்கிறார். நான் ஐந்தாம் வகை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ‘லெஸ்’ விஷயத்தில் இரண்டாம் வகையில் இருந்திருக்கிறேன்.

நாற்பதில்_கற்றவன், போன வாரம் ஒரு கைப்பிரதி வந்தது. முதல் பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டு, ஆசிரியர் பெயரைப் பார்க்காமல் மெய்ப்புப் பார்த்தேன். வேலை முடிந்த பிறகு பார்த்தால், வழக்கத்தைவிடக் குறைவாகச் சுழித்திருந்தேன். ஒரு நூலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடுத்ததையும் அப்படியே பார்க்கப் போகிறேன்.

அண்ணன் மகள் வந்துவிட்டுப் போனாள். இந்த இழையை அவளுக்குக் காட்டினேன். அவள் ஊர் போய்ச் சேர்ந்ததும், ‘ரீச்ட்?’ என்று கேட்டேன். ‘யெஸ்’ என்று பதில் வந்தது. முதல் எழுத்து பெரிய எழுத்து, கடைசியில் முற்றுப்புள்ளி. மரியாதையா, கோபமா, கிண்டலா என்று அரை மணி நேரமாகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

#21 கரும்பலகை

கிண்டல்தான். சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று, சொல்லலாமா கூடாதா என்று மூன்று நாளாக யோசித்தேன். முதல் பதிவு, மூன்றாம் பத்தி, ‘அந்த குறுஞ்செய்திகளை’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘க்’ எங்கே?

#22 மெய்ப்புநோக்கி

அம்மா, மூன்றாம் நாளே கண்ணில் பட்டுவிட்டது. அதற்குள் திருத்தும் பொத்தான் மறைந்துவிட்டது.

#23 வேர்ச்சொல்

அப்படியே விடுங்கள் அண்ணா. நூறு ஆண்டு கழித்து யாராவது அகராதிக்காரர் வந்து, ‘சுட்டுக்குப் பின் ஒற்று மறைதல், அனுபவமுள்ள மெய்ப்புத் திருத்துநரின் எழுத்தில்’ என்று உங்களைத்தான் சான்று காட்டுவார்.